பத்து நாள் பேசாதவனின் சாட்சி

போன வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். செங்கல்பட்டில் எங்கள் சபைக்காரர்கள் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறோம். பாட்டு, ஜெபம், பிறகு சாட்சி நேரம் – கடவுள் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். கடைசியில் சுண்டலும் டீயும்.

எனக்கு எழுத்தில்தான் வாய். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரே ஒரு சாட்சியை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். மறைமலைநகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நன்றாகக் குடிப்பேன். ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன், ஜெபித்தேன்... அன்றோடு குடியை விட்டேன்.

உண்மைதான். ஆனால் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எந்த இடத்தில் என் குரல் தழுதழுக்கும் என்று சபைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்!

சபையில் எனக்கு 'சாந்தமான பிரதர்' என்று பெயர். கோபம் வந்தால்கூடச் சத்தம் போட மாட்டேன். வீட்டில் பேச்சை நிறுத்திவிடுவேன்... அவ்வளவுதான்.

இந்த முறை காரணம் ஒரு பழைய சைக்கிள். மொபெட் வாங்கிய பிறகு நான் அதைத் தொட்டதுகூட இல்லை. மனைவி எஸ்தர் என்னைக் கேட்காமல் அதைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். விடுவேனா? அவள் இரண்டடி தள்ளி நிற்கும்போதே மகளிடம், "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னு அம்மாகிட்ட சொல்லு" என்பேன்.

பிளஸ் டூ படிக்கும் மகள் நாலாம் நாள் வெடித்தாள். "நான் இன்னா போஸ்ட்மேனாப்பா? நாளைக்கு எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது, குடிப்பானான்னு மட்டும் விசாரிக்காதீங்க. பேசுவானான்னும் கேளுங்க."

சுருக்கென்றது. ஆனாலும் பேசவில்லை. யார் முதலில் இறங்கி வருவது?

வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. எழுந்தேன். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி..."

"அண்ணாத்த, கொஞ்சம் இரு."

ரோஸம்மா அக்கா. கோவளத்தில் மீன் விற்றவர், இப்போது இங்கே மகள் வீட்டோடு இருக்கிறார். சபைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"நல்லாத்தான் கீது. ஆனா நாலு தபா கேட்டுட்டேன். பன்னெண்டு வருஷத்து மீன கூடைல வச்சிக்கினு குந்தினா எவ வாங்குவா? இந்த வாரம் ஏசப்பா உனுக்கு இன்னா பண்ணாரு? அத்த சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த வாரமா? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய அதே இடத்தில் பன்னிரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன்!

மகள் என்னையே பார்த்தாள். எஸ்தர் சுண்டல் தட்டைப் பார்த்தாள்.

"இந்த வாரம்... நான் எஸ்தர்கிட்ட பேசல. ஒரு சைக்கிளுக்காக. ஒன்பது நாளாச்சு."



"பத்து நாள்" என்றாள் எஸ்தர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரோஸம்மா அக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆங்... இதான் இன்னிக்குப் புடிச்ச மீனு!"

சிரிப்பு அடங்கியதும் எஸ்தர் பக்கம் திரும்பினேன். என்ன பேசுவது? "சைக்கிள்... ஓடுதாமா?"

"சும்மா நின்னதுல செயின் துருப்புடிச்சிப் போச்சாம். மாத்திட்டான். இப்ப நல்லா ஓடுதாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்... இந்த முறை மனப்பாடம் இல்லை.

குடியை விட்டதோடு கடவுள் எனக்குள் தன் வேலையை முடித்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்கிறார். நான்தான் பிடி கொடுக்கவில்லை. முதல் நாள் அற்புதத்தைச் சொல்லிக்கொண்டே எத்தனை பேர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறோம்?

ஒரே வாரத்தில் மாறிவிட்டேனா? இல்லை. நேற்றுக் காலை, எஸ்தர் கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்ததற்காக மறுபடியும் பேச்சை நிறுத்தினேன். சாயங்காலம் நானே போய், "டீ இருக்கா?" என்று எஸ்தரிடம் கேட்டேன் – நேராக.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பது மணி நேரம்தான்ப்பா!"

நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாட்சி ரெடி.