தொட்டியில் கொதித்த மின்சாரம்

அன்று மாலை நிகழ்ந்ததை எங்கள் தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் ஒருவிதமாகச் சொல்கிறார்கள். ஓடைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்தில் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். இரண்டும் கேட்க இனியவை, ஒன்றையொன்று மறுப்பவை. ஆகவே நான் கண்டதையும் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, எங்கள் தோட்டத்துக்கும் அக்கிராமத்துக்கும் ஓடைநீரில் சுழலும் சிறு மின்பொறி தனித்தனியே உண்டு. அவற்றைக் கம்பியால் இணைத்திருந்தோம். ஓரிடத்தில் குறைந்தால் மற்றதன் மிகுதி அங்கே செல்லும் என்பது ஏற்பாடு.

மழை பொய்த்த மாதம் அது. கிராமத்துப் பெண்ணொருத்தி, தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் என்னிடம் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளுடைய தந்தை ஒட்சிசன் இயந்திரத்தின் துணையோடு வாழ்பவர்.

"டீச்சர், வோல்டேஜ் குறையுது. அப்பாட மெஷின் கத்துது. கொஞ்சம் கரண்ட் தாங்க, அனே!"

லயம் முழுவதும் விளக்கணைத்தோம். தொலைக்காட்சித் தொடரைப் பாதியில் இழந்த பக்கத்து வீட்டம்மா, "அந்த மனுசன் நல்லா மூச்சு விடட்டும். ஆனா மருமக வீட்ட விட்டுப் போனாளா இல்லையான்னு எனக்கு யாராச்சும் சொல்லணும்" என்றார்.

சற்று நேரத்தில் பொறியைக் கவனிப்பவர் என்னைப் பொறியறைக்கு அழைத்தார். எவரும் பயன்படுத்தாத மின்சாரம் பொறியறைத் தொட்டியின் நீரைச் சூடாக்கிக் கழியும். இல்லையேல் பொறி கட்டுமீறிச் சுழலும். தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"நாம மிச்சம் புடிச்சது அந்தப் பக்கம் போகலையா, டீச்சர்?"

அதற்குள் அந்தப் பெண் அங்கே மீண்டும் வந்தாள். இயந்திரம் கத்துவதை நிறுத்திச் சீராக ஓடுகிறதாம்.

"ஒங்க ஊருல லைட் எரியுதா, நங்கி?" என்று பொறியைக் கவனிப்பவர் அவளைத் தங்கையாக விளித்துக் கேட்டார்.

"இல்லையே. ஒங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நாங்களும் எல்லாம் நிப்பாட்டிட்டோம்."

"அப்ப ரெண்டு ஊரும் இருட்டுல குந்திக்கிட்டு சுடுதண்ணி வச்சிருக்கோம்! வாளியக் கொண்டாங்க, குளிச்சிட்டாவது போவோம்."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு மெஷின் கத்துனா நாங்க லைட்ட அணைக்கவா, போடவா?"

 

அவளுடைய தந்தை நலமாக இருக்கிறார். அன்று அவருக்கு மூச்சளித்தது எங்கள் இருளா, அவர்களுடைய இருளா, இரண்டுமே இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவளுடைய கேள்விக்கும் இன்றுவரை விடை தெரியவில்லை.