பின்சக்கரத்து நடுக்கம்

என் மகன் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மருமகள் என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமா, அவிய வண்டி எனக்கு வேணும். அதுலதான் இனிமே ஸ்கூலுக்குப் போவேன்."

அவள் வத்திராயிருப்பில் ஆசிரியை. நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். போக ஒரு பேருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி இன்னொன்று என்று தினமும் அலைபவள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. நானும் சரி என்றேன். வாகனம் சம்பந்தப்பட்ட காகிதம் எதுவும் எனக்குப் புதிதில்லை. மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உரிமையாளர் இறந்தால் எந்தப் படிவம், எத்தனை நாளுக்குள், யார் யார் கையெழுத்து என்பதெல்லாம் தூக்கத்திலும் சொல்வேன். அந்தப் பதினாறு நாளில் தூக்கம்தான் வரவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. வண்டிக்குப் பதினைந்து வயது முடிய இரண்டு மாதமே பாக்கி. பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அது தயாரிப்பாளர் கொடுத்தபடி இல்லை.

மகன் நூற்பாலையில் பராமரிப்பு இன்ஜினியர். அந்தச் சின்னக் காரில் வாரம் முழுக்க மில்லுக்குப் போவான். மாதத்தில் ஒரு ஞாயிறு கோயமுத்தூர் பக்கம் உள்ள ரேஸ் டிராக்கில் அதே வண்டியை ஓட்டுவான். நாற்பது வயதுக்காரன் வட்டமாகச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வதற்கு இவ்வளவு பெட்ரோல் எதற்கு என்று நான் கேட்டதுண்டு. "நீங்க முப்பது வருசம் ஆபீசுக்குப் போயிட்டு வீட்டுக்குத்தானப்பா வந்தீய" என்றான்.

பின்சக்கரங்களில் வண்டியோடு வந்தவை டிரம் பிரேக்குகள். "மூடி போட்ட குக்கர் மாதிரிப்பா. சூடு வெளிய போக வழியே இல்ல. பத்து சுத்துல மிதி பஞ்சு மாதிரி ஆயிருது" என்று எனக்கு விளக்கினான். அவற்றைக் கழற்றிவிட்டு, திறந்த தட்டாகச் சுழலும் டிஸ்க் பிரேக்குகளை மாட்டினான். பின்பக்கம் அதிகமாகப் பிடித்தால் வண்டியின் வால் சுழன்று முன்னே வரப் பார்க்கும். அதற்காகப் பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வும் வைத்தான். வண்டிக்கு அடியில் ஓடும் காற்றைப் பிடித்து டிஸ்க்கின்மேல் திருப்ப, மில் ஒர்க்‌ஷாப்பில் அலுமினியத் தகட்டை வளைத்து இரண்டு வாய்கள் செய்து, சூடு தாங்கும் குழாயோடு இணைத்தான். குனிந்து பார்த்தேன். ஒரு ரிவெட்கூடக் கோணல் இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

"இத முறைப்படி பதிஞ்சிக்கிட வழி இருக்காப்பா?" என்று கேட்டான்.

நான் சட்டப் பிரிவைச் சொன்னேன். முன் அனுமதி, சோதனை நிறுவனத்தின் சான்று, மாற்றினால் வரும் தண்டனை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "வழி இருக்கான்னு கேட்டேன். நீங்க சுவரு எங்கெங்க இருக்குன்னு சொல்லுதீய" என்றான்.

ஒரே ஒருமுறை அவனோடு டிராக்குக்குப் போனேன். சுற்றி முடித்து வந்தவன் வண்டியைக் கியரில் விட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். பின்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. நான் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். கைபிரேக் கீழே கிடந்தது.

லைசென்ஸ் வாங்க வந்து, கைபிரேக் போடாமல் இறங்கியவர் ஒருவரையும் நான் தேர்ச்சி பெற விட்டதில்லை. அழுதவர்கள் உண்டு; மந்திரியின் மச்சினர் என்று சொன்னவர்கள் உண்டு. கையை விட்டு இழுத்தேன். நல்ல இறுக்கமாக, ஐந்து கிளிக்.

திரும்பி வந்தவன் அதைப் பார்த்ததும் ஓடிவந்து இறக்கிவிட்டான்.

"யாருப்பா போட்டது?"

"நான்தான். வண்டி உருளும்லே."

"கட்டை வச்சிருக்கேன்லா."

"கட்டை ரூல்ல இல்ல."

கைபிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. கொதிக்கும் டிஸ்க்கை, அதை இருபக்கமும் நெருக்கும் பேடு ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நின்றால், அந்த இடம் மட்டும் ஆறாது. பேடின் பொருளும் அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் வண்டி நடுங்கும். அதனால் டிராக்கில் யாரும் கைபிரேக் போடமாட்டார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவன் இன்னொரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். "சரி, கிளம்புவோம்" என்றான். மதியம் முழுக்க ஓட்ட அவனுக்கு நேரம் பாக்கி இருந்தது. திண்டுக்கல், மதுரை, திருமங்கலம் என்று ஒவ்வொரு ஊர் வேகத்தடையிலும் என் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்து வந்து போனது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு என்னை டிராக்குக்கு அழைக்கவும் இல்லை. ஐந்தாறு மாதம் கழித்து, மில்லில் மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

பதிவு விஷயத்துக்கு வருகிறேன். தென்காசி ரோட்டில் அவன் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பழைய டிரம்களை அங்கே மெக்கானிக்கான பாய் பத்திரமாக வைத்திருந்தார். "டிஸ்க்கைக் கழட்டிட்டு இத மாட்டணும் பாய்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

சக்கரத்தைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். "சார், செத்த இங்க வாங்க. இது தெரியுதா?"

டிஸ்க்கில் பேடின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. கருநீலத்தில், ஓரம் சுத்தமாக, ரப்பர் ஸ்டாம்பு வைத்ததுபோல.

"புது டிஸ்க்கு வாங்கி மாத்திருவோம்னு எம்புட்டோ தடவ சொன்னேன் சார். 'கிடக்கட்டும் பாய். எங்க அப்பா ஒரு வழியா நம்ம வண்டிக்கு சீல் வச்சிருக்காவ. அத அழிச்சா கேஸாயிரும்'னு சிரிப்பாரு."

நான் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க நிறைய இருந்தது.

"மாட்டட்டுமா சார், இல்ல..."

"மாட்டுங்க."

"கழட்டினத வண்டியில வச்சிரவா?"

"வேண்டாம். பழைய இரும்புக்குப் போட்டிருங்க."

விதிக்குப் புறம்பான பாகத்தைக் கழற்றி உரிமையாளரிடமே கொடுத்தால் மறுவாரம் அது வண்டியில் ஏறிவிடும். பறிமுதல் செய்த ஏர் ஹாரன்களை ரோடு ரோலருக்கு அடியில் போட்டு நசுக்கியவன் நான். அந்த அனுபவத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்த அச்சை இன்னொரு முறை பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை, விதி கைகொடுத்தது. டிஸ்க், வால்வு, அலுமினிய வாய்கள் எல்லாம் ஒரு சாக்கில் போயின.

ஆய்வில் ஒரு குறையும் இல்லை. ஆய்வாளர் இளைஞர். என்னை யாரென்று தெரியாமல் முறையாக எல்லாவற்றையும் பார்த்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. பெயர் மாற்றமும் முடிந்தது. மருமகளிடம் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தேன். அதுவரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள் திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வந்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

"வண்டிய என்ன செஞ்சீய மாமா?"

"பழையபடி ஆக்கியிருக்கேம்மா. சட்டப்படி டிரம்தான் இருக்கணும். ஏன், பிரேக் பிடிக்கலையா?"

"பிடிக்குது. நல்லாத்தான் பிடிக்குது." வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "சீட்டுக்கு அடியில ஒரு உதறல் வரும்லா. அவிய போன பொறவு, மில்லுல நின்ன அந்த வண்டிய நான்தான் வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். மிதிக்கப்பல்லாம் அவிய பக்கத்துல உக்காந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க மாதிரியே இருந்துச்சு. அதுக்குத்தான் கேட்டேன். இன்னைக்கு வத்திராயிருப்பு வரைக்கும் மிதிச்சு மிதிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. யாரு வண்டியோ மாதிரி இருக்கு."

இறந்தவன் மனைவி, மற்ற வாரிசுகள் என்று அத்தனை பேரின் ஒப்புதலையும் வாங்கியிருந்தேன். கழற்றட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கப் படிவத்தில் இடம் இல்லை.

மறுநாள் காலையிலேயே பாயிடம் ஓடினேன். அவர் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள பழைய இரும்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"டிஸ்க்கா? எந்த டிஸ்க்கு? பத்து நாளைக்கு முந்தினதா? அண்ணாச்சி, லோடு போய் உருக்கி வேற சாமானே ஆயிருக்கும்."

"அது ஒரு ஆளோட ஞாபகம்யா" என்றார் பாய்.

"இங்க வாரது அம்புட்டும் அப்படித்தான் பாய்" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை.

புது டிஸ்க் வாங்கி மாட்டலாம் என்று மருமகளிடம் சொல்லிப் பார்த்தேன். கொதிக்கவைத்துக் கைபிரேக் போட்டால் அதே அச்சு மறுபடி விழும் என்றுகூடச் சொன்னேன். சட்டத்துக்குப் புறம்பாக நான் யாருக்கும் கொடுத்த முதல் யோசனை அது. அவள் என் கையைப் பிடித்து, "விடுங்க மாமா" என்றாள். அவன் அன்று டிராக்கில் "சரி, கிளம்புவோம்" என்றதும் ஏறக்குறைய அந்தக் குரலில்தான்.

இப்போது பஸ்ஸில்தான் போகிறாள். வாரம் ஒருமுறை நான் வண்டியை ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை ஓட்டி நிறுத்திப் பார்க்கிறேன். நடுக்கம் எதுவும் இல்லாமல், உடனே நிற்கிறது. பதிவு இன்னும் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.