பொட்டு வெச்ச கல்லு

மதிவதனிக்குக் கோவம் வந்தா மொதல்ல கண்ணாடியக் கழட்டித் துப்பட்டாவுல தொடைப்பா. தொடைக்கிற வேகத்த வச்சே இன்னிக்கு யாருக்கு மண்டகப்படின்னு கம்பெனில எல்லாரும் சொல்லிடுவோம்.

வேட்டவலம் ரோட்டுல, தண்ணி மோட்டாருக்கு ஷாஃப்ட் பண்ற சின்னக் கம்பெனி எங்களுது. ஷாஃப்ட்ட கடைசியா வழவழன்னு தேய்க்கிறது கிரைண்டிங் மெஷின். அதுல சுத்துற பெரிய வட்ட வீல நாங்க கல்லுன்னுதான் சொல்லுவோம். மதிவதனி அடி அண்ணாமலைப் பொண்ணு, பாலிடெக்னிக் முடிச்சவ. அந்தக் கல்லு எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாக்கறது அவ வேலை.

காலைல மெஷின் ஓடறதுக்கு முன்னாடி, லேப்டாப்புல சொருகுற சின்ன மைக்ரோஸ்கோப்ப கல்லு விளிம்புல நாலு எடத்துல வச்சி நாலு போட்டோ எடுப்பா. நல்ல கல்லுன்னா படத்துல ஒடைச்ச கல்கண்டு மாதிரி கூர்கூரா தெரியும், நடுவுல குழிகுழியா சந்து இருக்கும். தேஞ்சி போச்சின்னா கூரெல்லாம் மழுங்கிப் பளபளன்னு மின்னும், எங்க ஃபோர்மேன் இளஞ்செழியன் மண்ட மாதிரி. படத்துல நூத்துக்குப் பத்து பங்கு மின்னிச்சின்னா டைமண்ட், அதான் வைர முனை வச்ச உளி, அதப் போட்டு மேலாப்புல லேசா சீவணும். சீவினா உள்ள இருக்கற புதுக் கூரு வெளிய வந்துடும்.

அதச் சீவறவரு கண்ணாயிரம் அண்ணன். இருவத்திரண்டு வருஷ ஆபரேட்டர். ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி சீவுவாரு, சாமி கும்புடற மாதிரி பொறுமையா.

இந்த வருஷம் ஆயுத பூஜைல மொதலாளி வேணு, மெஷின் பாடில பொட்டு வெச்சதோட விடல. கல்லு விளிம்புலயே, ஷாஃப்ட் படற எடத்துலயே, சந்தனத்தக் கொழச்சி அப்பு அப்புன்னு அப்பிட்டாரு. அதுமேல குங்குமம். அப்புறம் எங்க பக்கம் திரும்பி, "ஹக்கும்... பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு வந்து நானே தொடைப்பேன். ஹக்கும். அதுவரைக்கும் எவனும் டைமண்ட் போட்டு சாமி பொட்ட சீவக் கூடாது. ஹக்கும்." பேச்சுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஆட்டோ ஹாரன் தோத்துச்சி.

விஜயதசமி முடிஞ்சி மெஷின் ஓடிச்சி. மதிவதனி அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு அவ மூணு நாள் லீவு. போட்டோ எடுக்க ஆளில்ல, சீவவும் கூடாது. நாலாவது நாள் காலைல அவ வந்தப்ப கண்ணாயிரம் அண்ணன் டிபன் பாக்ஸத் துண்டுல முடிஞ்சிக்கிட்டு நிக்கறாரு.

"இன்னாண்ணா, மணி பத்தாவல, கெளம்பிட்டீங்க?"

"மொதலாளி என்னை வேலைக்கு வேணாம்னுட்டாரு மா. அறுவது ஷாஃப்ட் சூடேறிக் கருப்படிச்சிடுச்சி. என் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எழுதிக் குடுத்தீங்களா! சீவ வேணாம்னு சொன்னது யாரு?"

"அத எப்பிடி மா எழுதறது... மொதலாளி மூஞ்சிக்கு நேரா."

கண்ணாடி கழண்டுச்சி. "ஒங்க கையால ஒங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு, அந்தாளு மனசு நோவக் கூடாதுன்னு நிக்கறீங்க பாருங்க! ஒக்காருங்கண்ணா. எங்கயும் போவாதீங்க."

போட்டோ எடுத்தா. நூத்துக்கு முப்பத்தொண்ணு பங்கு மின்னுது. மீதி இருக்கற சந்து பூரா மஞ்சளா அடைச்சிக்கிட்டு, அதுல இரும்புத் தூளு ஒட்டிக் கெடக்குது. லேப்டாப்ப அப்பிடியே தூக்கிக்கிட்டு மொதலாளி ரூமுக்குப் போனா. நாங்க பத்து பேரு வாசல்ல.

"ஹக்கும்... இன்னா இது, லட்டு மாதிரி?"

"நீங்க அப்பின சந்தனம் சார். கூரெல்லாம் மழுங்கிப் போயி, சந்தும் அடைச்சிக்கிச்சின்னா கல்லு எப்பிடி வெட்டும்? சும்மா ஒரசும். ஒரசினா சூடு. சூட்டுல கருப்பு."

"சாமி பொட்டால கெட்டுச்சின்றியா?"

"சாமிய இழுக்காதீங்க. பூசினது ஒங்க கை. சீவாதன்னு சொன்னது ஒங்க வாய். வேல போறது மட்டும் அவருக்கா?"

இளஞ்செழியன் சளி புடிச்ச பூன மாதிரி, "அப்பிடில்லாம் யாரும் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லியே, மதி..."ன்னு இழுத்தாரு.

"ஒங்களுக்கு மண்டைக்கு உள்ளயும் வழிச்சிட்டாங்களா சார்?"

வாசல்ல யாரோ கெக்கேன்னு சிரிச்சிட்டான். அவ சிரிக்கல. நேரா மெஷினுக்கு வந்தா, மொதலாளியும் பின்னாலயே வந்தாரு. "அண்ணா, டைமண்ட் போடுங்க."

கண்ணாயிரம் அண்ணன் மொதலாளியப் பாத்தாரு.

"அவர ஏன் பாக்கறீங்க? கல்லப் பாருங்க."

அண்ணன் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. டைமண்ட நகத்தினாரு. மஞ்சத் தண்ணி ஓடிச்சி. மறுபடியும் போட்டோ. நூத்துக்கு நாலு. ஒரு ஷாஃப்ட்ட மாட்டித் தேய்ச்சாரு. கருப்புன்னு ஒரு கீத்து கெடையாது. மொதலாளி அத வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஹக்கும். சரி சரி. நாளைக்கு பௌர்ணமி லீவு. மறுநாள்லேர்ந்து வாய்யா." அவ்ளோதான். ஒரு 'தெரியாம பண்ணிட்டேன்' கெடையாது.

"அவரு எழுதிக் குடுத்த லெட்டர் சார்? அத கிழிங்க."

"ஃபைல்ல போட்டது போட்டதுதான் மா. ஹக்கும். கிழிக்கறதெல்லாம் பழக்கம் இல்ல."

"போவட்டும் மா," ன்னாரு கண்ணாயிரம் அண்ணன். "வேலதான் இருக்குதே."

அதுதான் அவள ஜாஸ்தி எரிய வச்சிது. "இன்னாண்ணா போவட்டும்? நாளைக்கு வேற எதுனா ஒண்ணு கெட்டா, இந்த லெட்டர எடுத்துக்காட்டி 'ஏற்கெனவே பண்ணவன்'னு சொல்லுவாங்க. அப்ப யாரு போட்டோ எடுக்கறது?"

ஆபீஸ் கலர் பிரிண்டர்ல ரெண்டு படத்தையும் பெருசா எடுத்தா. மஞ்சளா இருக்கறது மேல, சீவினது கீழ. அடியில தேதி, முப்பத்தொண்ணு, நாலுன்னு எழுதினா. அதுக்கும் அடியில, 'பௌர்ணமி வரை கல்லைச் சீவக் கூடாது என்று சொன்னவர்: வேணு, உரிமையாளர்.' எழுதினத மொதலாளிக்குச் சத்தமாப் படிச்சிக் காட்டிட்டு, மறுபடி கண்ணாடியக் கழட்டித் தொடைச்சா. ஃபைலப் பிரிச்சி, கண்ணாயிரம் அண்ணன் லெட்டரோட சேத்து வச்சி ஸ்டேப்ளர் அடிச்சா. டக்கு, டக்கு, டக்கு. சுத்தி பன்னண்டு பின்னு. அந்த லெட்டரப் பிரிக்கணும்னா மொதல்ல அந்த மஞ்சக் கல்லு போட்டோவத்தான் பாக்கணும், இல்லன்னா ரெண்டையும் சேத்துக் கிழிக்கணும்.

"இப்ப இருக்கட்டும் சார் ஃபைல்ல. எத்தினி வருஷம் வேணா இருக்கட்டும்."

மொதலாளி ஒரு பின்ன நகத்தால நெம்பிப் பாத்தாரு. ஹக்கும், அது அசையல.

அவ விறுவிறுன்னு வெளிய வந்து மறுபடி கல்லுக்கிட்ட குனிஞ்சா. லேப்டாப்புல ஒண்ணும் தெரியலன்னு கத்தறா. கண்ணாயிரம் அண்ணன் ஆபீஸ்லேர்ந்து ஓடி வந்தாரு, கையத் தூக்கிக்கிட்டு: "கண்ணாடி மா, கண்ணாடி! ஸ்டேப்ளர் பக்கத்துலயே வச்சிட்டு வந்துட்ட!"