மரைக்கார் ஓதிய பாத்திஹா

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நடந்த இரண்டாவது நிக்காஹை நான் கண்ணால் பார்த்தவன். எழுபதுகளின் கடைசி அது. வாப்பாவோடு சேர்ந்து வயல் செய்த, பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புத் தமிழர் கோயிலில் தீ மிதித்தார். வாப்பா ஓரமாக நின்று பார்த்தார், அவ்வளவுதான். பள்ளிவாசலை நிர்வகித்த மரைக்கார் விடவில்லை. ஈமான் போய்விட்டது, அதோடு நிக்காஹும் முறிந்துவிட்டது என்றார். ஜும்ஆவுக்குப் பிறகு ஊர் முன்னால் வாப்பாவைக் கலிமா சொல்ல வைத்துத் திரும்பவும் முஸ்லிமாக்கி, பேரப்பிள்ளை கண்ட உம்மாவை மறுபடியும் மணப்பெண்ணாக்கினார். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்துச் சீனாவில் படித்துக்கொண்டிருந்தேன். இலங்கையிலிருந்து அரிசி ஆலைக்காரர்கள் குழுவொன்று வந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். போனால், குழுவில் மரைக்கார்! ஊரில் அவருக்கும் ஆலையொன்று இருந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. கல்முனைப் பிள்ளை என்றதும் தோளில் தட்டினார்.

ஊர் சுற்றிக்காட்ட ஒருநாள் ஆற்றோரக் குன்றொன்றுக்குக் கூட்டிப்போனார்கள். பழங்காலத்து ராசாக்கள் குன்று முழுக்கக் குடைந்து புத்தர்களைச் செதுக்குவித்திருந்தார்கள். ஒன்று பனை உயரம். எல்லோரும் வாயைப் பிளந்து நிற்க, மரைக்கார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிலையப் பாக்கிறதும் பாவம், மகன். நான் இங்கால இரிக்கன்."

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட சீன முஸ்லிம். சலாம் சொன்னார். மரைக்காருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையை ஒட்டிச் சின்னக் குகை. உள்ளே இருந்த புத்தருக்குத் தலையில்லை, எப்போதோ உடைத்துவிட்டார்கள். மிச்ச உடம்பை யாரோ பட்டுத் துணியால் போர்த்தி, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். இருட்டில் அது எங்கள் பக்கத்தில் அவுலியாக்கள் என்கிற இறைநேசர்களின் அடக்கத்தலம் போலவே இருந்தது.

"இது எந்த அவுலியாட சியாரம், மகன்?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"பேர் தெரியா மரைக்கார். பழைய இடம்."

செருப்பைக் கழற்றிவிட்டு, கையேந்தி, கண்கலங்கப் பாத்திஹா ஓதினார். நான் ஆறுதலாகப் படம் பிடித்தேன். துணிக்குக் கீழே தாமரைப் பீடமும் மடித்த காலும் கமராவின் மின்னல் வெளிச்சத்தில் நன்றாக விழுந்தன. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். மரைக்காருக்கு முகம் வெளிறிப்போனது.

"ஊருக்குத் தெரியப்படாது, மகன்."

"எங்கட வாப்பாக்கு ரெண்டாம் நிக்காஹ் முடிச்சு வெச்சீங்களே, ஞாபகமா?"

யோசித்தார். "எந்த வாப்பா? அப்பிடி எத்தின பேருக்குச் செஞ்சிரிப்பம்."

அதுவரை பயங்காட்டுவதோடு விடத்தான் நினைத்திருந்தேன். அந்தப் பதிலுக்குப் பிறகு படத்தைக் கழுவி நேரே பள்ளிவாசலுக்கு அனுப்பினேன்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது உம்மா நடந்ததைச் சொன்னார். படம் கைக்குக் கை மாறியதாம். இவருக்கும் கலிமாவும் நிக்காஹும் வேணும் என்று இளந்தாரிகள் கத்தினார்களாம். மரைக்கார் தலை நிமிரவேயில்லையாம். அப்போது ஒருவர் எழும்பி, "அறியாமச் செஞ்சவர், விடுங்க. அவர்ர பொம்புளயச் சபைக்கு இழுக்காதீங்க" என்று எல்லோரையும் அடக்கியிருக்கிறார். எழும்பியவர் என் வாப்பா.

அந்த விடுமுறை முழுக்க நான் வாப்பாவோடு கதைக்கவில்லை.