கருகாத பியூஸ்

பழைய வால்வு அம்பிளிபயரைக் கழித்துவிட்டு, போன மாதம் கோயிலுக்கு வாங்கிய டிரான்சிஸ்டர் அம்பிளிபயரோடு, இன்று காலை எங்கள் அம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் என் ரேடியோக் கடைக்கு வந்தார். நாளை கோயிலின் வருடாந்தத் திருச்சடங்கு தொடங்குகிறது.

"சத்தம் வருகுதில்ல மனே. ஆனா பியூஸ் நல்லாத்தான் இரிக்கு."

திறந்தேன். ஒலிபெருக்கிக் கம்பிகள் இரண்டும் எங்கோ ஒன்றோடொன்று முட்டியிருக்க வேண்டும். டிரான்சிஸ்டர்கள் கருகிக் கிடந்தன. அவற்றுக்கு முன்னே எரிந்திருக்க வேண்டிய பியூஸின் இடத்தில் தடித்த செப்புக் கம்பி.

"இத ஆர் போட்டது வண்ணக்கர்?"

"நான்தான். முன்ன கிடந்த பியூஸ் அடிக்கடி எரிஞ்சி ஒரே கரைச்சல்."

"டிரான்சிஸ்டர் எல்லாம் மாத்தோணும்."

"மாத்து மனே. அந்தக் கம்பியில மட்டும் கை வைக்காத. பெட்டிக்குள்ள உருப்படியா நிண்டது அது ஒண்டுதான்."

காவல்காரன் சுகமாக இருக்க வீட்டுக்காரன் கருகுவது எங்கள் கோயிலில் மட்டும்தானா? உங்கள் ஊர்ச் சபைகளில் எப்படி?