கதவு இலக்கங்களை வேறு யார் பார்க்கலாம்?

ஒஸ்லோவில், நான் எழுதிய கணினி நிரலில் ஒருவர் பிழை கண்டால் நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எட்டு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிழை சொல்பவர்தான் மன்னிப்புக் கேட்பார். கிளிநொச்சியிலிருந்து எங்கள் நிறுவனத்துக்காக நிரல்களை வாசித்துத் தந்த தர்சினி, ஒவ்வொரு குறிப்பையும் "குறை நினையாதேங்கோ அண்ணை" என்றுதான் தொடங்குவாள். அதன்பின் வருவதில் இரக்கமே இருக்காது.

சென்ற வருடம் நிறுவனம் பாதுகாப்புச் சோதனை மென்பொருள் ஒன்றை வாங்கியது. நிரலைக் கொடுத்தால் சில நிமிடங்களில் ஓட்டைகளைத் தேடும். ஒன்றும் இல்லையென்றால் பச்சை அடையாளம் காட்டும். அப்போது நாங்கள், தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போகும் தாதியருக்காக ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு வாசற்கதவையும் திறக்கும் இரகசிய இலக்கமும் அதில் இருந்தது. மென்பொருள் பச்சை காட்டியது. நானும் ஒப்புதல் கொடுத்தேன். தர்சினி மட்டும் ஒரு வரி எழுதினாள்: "இந்த இலக்கங்களை வேற ஆர் பாக்கலாம்?" சோதித்தேன். செயலிக்குள் நுழைந்த எந்த ஊழியரும் இணைய முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லா முதியவர்களின் இலக்கங்களையும் பார்க்கக்கூடியதாக இருந்தது. திருத்தினோம். ஆனால் மேலாளர் இங்கர் கூட்டத்தில் முகம் சுளித்தார். தர்சினி எங்கள் தாதியரைக் கள்ளர் என்கிறாரா என்று கேட்டார். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்கு வரவில்லை.

வன்னியில் வீட்டு ஆட்களின் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எத்தனை தடவை எழுதிக் கொடுத்தோம். போருக்குப் பின் இருந்த முகாமில் ஒரே கிழமையில் மூன்று தடவை கொடுத்தது என் கொப்பியில் இருக்கிறது. அந்தத் தாள்கள் யாருடைய கைக்குப் போயின என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. தர்சினி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. நாங்கள் கேட்காமல் விட்டதை அவள் தன் வேலையாக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

மென்பொருள் இருக்கும்போது ஆள் வாசிப்பதும் தேவையா என்று ஓர் ஒப்பீடு எழுதித் தரும்படி இங்கர் என்னிடம் கேட்டார். மூன்று மாதம் நாள்தோறும் குறித்தேன். நிரலில் மறந்துபோய் விடப்பட்ட கடவுச்சொற்கள், காலாவதியான பகுதிகள் என்று மென்பொருள் கண்டவற்றில் பலவற்றைத் தர்சினி தவறவிட்டிருந்தாள். அவளுக்கு நேரமும் கூட எடுத்தது. இரண்டும் வேண்டும் என்றே கடைசிப் பந்தியில் எழுதினேன். ஆனால் தர்சினி கண்ட கதவு இலக்கப் பிழையையும், ஒழுங்கு கருதி, மற்றப் பிழைகளைப் போலவே அட்டவணையில் ஒன்று என எண்ணி ஒரே வரியில் போட்டேன். இங்கர் அட்டவணையோடு நிறுத்திக்கொண்டார். தர்சினியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

தர்சினிக்குத் தொலைபேசி எடுத்தேன். என் ஒப்பீட்டு அறிக்கையை ஏற்கெனவே வாசித்திருந்தாள்.

"நீங்கள் ஒண்டும் பிழையா எழுதேல்லை அண்ணை. மெசினுக்கு லீவும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். ஆனா அதுக்கு வீடு இல்லைத்தானே. கதவைப் பற்றி அதுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

வேறு வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னேன். "ஓம், பாருங்கோ" என்றாள். நம்பாதபோது நாங்கள் சொல்வது அதுதான்.

அவளுடைய நுழைவு உரிமையை நீக்கும் வேலையும் எனக்கே வந்தது. அந்த மாற்றத்துக்கு இரண்டாம் ஆள் ஒப்புதல் தரவேண்டிய இடத்தில் இப்போது மென்பொருளே உடனே பச்சை காட்டியது.

என் திரையின் மூலையில் இன்னும் இரண்டு மணிக்கூடுகள் ஓடுகின்றன. கோடையில் இங்கே பத்து மணியென்றால் கிளிநொச்சியில் ஒன்றரை. முன்பு அவளுடைய குறிப்புகள் வருகிற நேரம். ஒன்றைப் பார்த்து வேலை செய்கிறேன். மற்றதைப் பார்த்து என் பிழைகளுக்காகக் காத்திருக்கிறேன்.