‘எப்ப’ என்று கேட்ட நோயாளி

பதுளையில் அந்த வைத்தியரின் அறைக்கு வெளியே இருந்த வாங்கில் நாங்கள் மூவரும் அமர்ந்திருந்தோம். என் தங்கை செல்வி தாதியர் பயிற்சியில் சேர்ந்து நான்காவது மாதம். காலையில் கடமைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாந்தி, விரல்களில் நடுக்கம், நெஞ்சில் படபடப்பு. லுணுகலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். "மருந்து குடுக்கப் படிக்கப் போனவளுக்கு நாம மருந்து வாங்க வந்திருக்கோம்" என்றார். செல்வி சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஈசிஜி (இதயத் துடிப்பின் பதிவு), தைரொயிட் (கழுத்திலுள்ள சுரப்பி) பரிசோதனை, இரண்டிலும் குறையில்லை. அது நல்ல செய்தியா என்று எனக்கு விளங்கவில்லை. நான் இலக்கிய மாணவி. பெயரில்லாத ஒன்றை எங்கே தேடுவதென்று தெரியவில்லை.

நீண்ட விடுப்பு எடுத்தால் அடுத்த அணியோடு சேர வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டால் திரும்பிப் போகவே மாட்டாள் என்று அம்மா பயந்தார். போனால் என்ன ஆவாளோ என்று நான் பயந்தேன்.

வாந்தி தொடங்கியதற்கு முதல் நாள் என்ன நடந்தது என்று வைத்தியர் கேட்டார்.

வைத்தியசாலை வாட்டில் பேச்செல்லாம் சிங்களம். செல்வியின் காது அதற்கே பழகியிருந்தது. அன்று தோட்டத்துப் பெண் ஒருவருக்கு வலி குறைக்கும் ஊசி போட வேண்டும். தமிழ் தெரியாத மூத்த தாதி, சம்மதம் கேட்டு வரும்படி இவளை அனுப்பினார். ஊசி போட வேண்டும் என்று இவள் சொன்னதும், அந்தப் பெண் "எப்ப?" என்று கேட்டார். சிங்களத்தில் ‘எப்பா’ என்றால் வேண்டாம். நோயாளி மறுக்கிறார் என்று இவள் போய்ச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஒரு மணி நேரம் வலியோடு காத்திருந்தார். தவறு தெரிந்ததும் ஊசி போட்டார்கள். யாரும் பெரிதாகத் திட்டவில்லை.

"சிங்களப் பிள்ளைக்குத் தப்பா கேட்டிருந்தா பரவால்லக்கா. நம்ம பாஷை எனக்கு எப்பிடி அப்பிடிக் கேட்டுச்சு?" அவள் இதை வைத்தியரிடம் அல்ல, என்னிடம் கேட்டாள்.

பதற்றக் கோளாறு (ஆபத்து இல்லாதபோதும் உடல் ஆபத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் நிலை) என்றார் வைத்தியர். அம்மாவைப் பார்த்து, "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லங்கிறதுக்காக அவ பொய் சொல்றான்னு இல்லம்மா" என்றார். சிறிய அளவில் ஒரு மாத்திரை, வாரம் ஒருமுறை உளவளத் துணையாளர் (மனச்சுமையைக் கேட்டு வழிகாட்டுபவர்), பத்து நாள் ஓய்வு.

எது உதவியது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம். பதினோராம் நாள் அவள் கடமைக்குப் போனாள். வாந்தி நிற்கவில்லை, வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது. உங்கள் வீட்டிலும் ஒருத்தி இப்படி இருந்தால், முழுதாகச் சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன்.

போன வாரம் தொலைபேசியில் சொன்னாள்: "பல்ஸ் பாக்கையில எது என்னோட துடிப்பு, எது அவங்களோடதுன்னு கொழம்புதுக்கா. மத்த பிள்ளைக முப்பது செக்கன் எண்ணி ரெண்டால பெருக்குறாங்க. நான் முழு நிமிசமும் எண்ணுறேன்."

"யாரும் ஏசலயா?"

"ஆமை வருதுன்னு சொல்றாங்க. சொல்லட்டும்."

பேசி முடித்தபின் என் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் அவ்வளவு நீளமென்று நான் அறிந்திருக்கவில்லை. நாற்பதாவது நொடியில் எண்ணிக்கை தவறியது. விரல்களை எடுக்காமல் மறுபடி எண்ணினேன்.